வீட்டிலேயே ஹை-ஃபை ஸ்பீக்கர்: டிரைவரும் பெட்டிப் பலகையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் செய்த ஸ்பீக்கர் கூடத்தில் இருந்தால் வருகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன மரம்?" என்றுதான். டிரைவர் பற்றிய கேள்வி அப்புறம் வரும். பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. முடிவெடுக்க வேண்டிய வரிசையோ நேர் தலைகீழ்: என்ன கேட்கப் போகிறோம், அதற்கு எந்த டிரைவர், அந்த டிரைவருக்கு எத்தனை லிட்டர், கடைசியாகத்தான் பலகை. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

1. கடையிலயே செட்டா கிடைக்குதே அண்ணா, நாமளே செஞ்சா பணம் மிச்சமாகுமா?

முதல் ஜோடியில் மிச்சமாகாது. டிரைவர் விலை போக பலகை, ஆசாரி கூலி, பாலிஷ், கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) உதிரிகள், கூரியர் என்று ஒவ்வொன்றாகச் சேரும். இறக்குமதி டிரைவர் என்றால் சுங்க வரி வேறு. ப்ளூடூத்தும் ரிமோட்டும் வைத்து மொத்தமாகத் தயாரித்து விற்கும் மலிவு செட்டோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது.

நல்ல ஹை-ஃபை ஜோடி ஒன்றின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்குத்தான் இந்த வேலை லாபம். அந்த விலையில் டிரைவருக்கான பங்கு சிறியது. அதே தரத்து டிரைவரைத் தனியாக வாங்கி, பெட்டியை உங்கள் அறைக்குத் தகுந்தபடி செய்துகொள்ளலாம்.

2. டிரைவர்னா என்ன? ஸ்பீக்கரைத்தானே சொல்றீங்க?

காந்தம், காயில், கூம்பு எல்லாம் சேர்ந்த வட்டமான பாகம் டிரைவர். அதைப் பெட்டியில் பொருத்தி, தேவையானால் கிராஸ்ஓவரும் சேர்த்தால் ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர், உச்ச ஒலிக்கு ட்வீட்டர், இரண்டையும் ஒருவரே சமாளிக்கப் பார்த்தால் ஃபுல் ரேஞ்ச்.

3. எத்தனை இன்ச் வாங்கட்டும்? 12 இன்ச்தான் கெத்துன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

என்ன கேட்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள், இன்ச் தானாக வரும். கர்நாடக சங்கீதக் கச்சேரிதான் முக்கியம் என்றால் எண்கள் இப்படி. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இவற்றுக்குக் கீழே இறங்கும், ஆனாலும் 60-70 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வாசிக்கும் 5 அல்லது 6.5 இன்ச் ஊஃபர் கச்சேரிக்குத் தாராளம். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று பின்தொடர்கிறவர் நீங்கள் என்றால் இன்னும் கீழே போக வேண்டும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கு 6.5 அல்லது 8 இன்ச், கூடவே போதிய பெட்டி.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 6.5 இன்ச் டூ-வே (ஊஃபரும் ட்வீட்டரும் சேர்ந்தது) ஜோடிக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. 12 இன்ச் கெட்டதல்ல, ஆனால் அது கேட்கும் பெட்டி உங்கள் பீரோவோடு இடத்துக்குச் சண்டை போடும். வேறொரு தொல்லையும் உண்டு, 11-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. எத்தனை வாட்ஸ் போடணும்? பழைய டேப் ரெக்கார்டர்லயே 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருந்துச்சு.

பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருந்தால் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுங்கள். அது விளம்பரத்துக்காகப் பிறந்த எண். டிரைவரில் நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம். வீட்டு உபயோக ஊஃபர்களில் இது 84 முதல் 89 வரை இருக்கும். வாட்டை இரட்டித்தால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. 85 டெசிபெல் டிரைவருக்கு 10 வாட் கொடுத்தால் 95 டெசிபெல், 20 வாட்டுக்கு 98. கூடத்தில் உட்கார்ந்து கேட்க அது போதும். அதற்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஒரு தந்திரம் கவனிக்க: சில டேட்டா ஷீட்டில் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்ததாக எழுதியிருக்கும். 8 ஓம் டிரைவருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட், 4 ஓமுக்கு இரண்டு வாட். ஆகவே 4 ஓம் டிரைவரின் 89 டெசிபெல்லை 86 என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

5. டேட்டா ஷீட்ல எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ்னு வரிசையா நம்பர் இருக்கு. இதெல்லாம் யாருக்கு சார்?

உங்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதியதும் சேர்ந்து, ஒரு டிரைவருக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதைப் பெட்டி செய்வதற்கு முன்பே கணக்கிட வழி காட்டின. அதனால்தான் இவற்றுக்குத் தீல்-ஸ்மால் எண்கள் என்று பெயர். எஃப்எஸ் என்பது பெட்டியில்லாமல் சும்மா இருக்கும்போது கூம்பு இயல்பாக ஆடும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பது. எண் சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம். விஏஎஸ் என்பது கூம்பைத் தாங்கும் பாகங்களுக்கு எத்தனை நெகிழ்வோ அத்தனை நெகிழ்வு உள்ள காற்றின் அளவு, லிட்டரில்.

மூடிய பெட்டிக்கான கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். எஃப்எஸ் 45 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 20 லிட்டர். பெட்டிக்குள் போனபின் க்யூ 0.707 ஆக வேண்டும் என்பது பலரும் வைக்கும் இலக்கு. 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.571. அதன் வர்க்கம் 2.468, ஒன்றைக் கழித்தால் 1.468. 20 லிட்டரை அதால் வகுத்தால் 13.6 லிட்டர். அதுதான் பெட்டி. 45-ஐ 1.571-ஆல் பெருக்கினால் 71 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பேஸ் படிப்படியாக இறங்கும்.

கால்குலேட்டர் பிடிக்காதவர்கள் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் எண்களைப் போட்டால் வரைபடமே வரும். ஆனால் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணை அசைத்தால் எது அசைகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

6. காந்தம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பேஸ். சரிதானே?

பாதி தப்பு. காந்தம் வலுவானால் சென்சிடிவிட்டி கூடும், கூம்பின் மேல் பிடி இறுகும், அதாவது க்யூடிஎஸ் குறையும். 0.25 அளவுக்குக் குறைந்த டிரைவரை மூடிய பெட்டியில் போட்டால் பேஸ் மெலிந்துபோகும். அதற்குப் போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டிதான் தோது. பொதுவாக க்யூடிஎஸ் 0.4-க்குக் கீழே என்றால் போர்ட், 0.4-லிருந்து 0.7 வரை மூடிய பெட்டி, அதற்கு மேல் என்றால் பின்பக்கம் திறந்த பலகை. கறாரான சட்டமில்லை, தொடங்குவதற்கு உதவும்.

கடையில் டிரைவரைக் கையில் தூக்கி எடை பார்த்து "வெயிட்டா இருக்கு, நல்ல பீஸ்" என்று வாங்கும் வழக்கம் இந்தத் தவறான எண்ணத்தின் மறுபக்கம்.

7. சென்னை ரிச்சி தெருவுல பேர் இல்லாத டிரைவர் மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

எண்கள் இல்லாத டிரைவருக்குப் பெட்டி செய்வது குருட்டுக் கணக்கு. ஆனாலும் எண்களை நாமே அளந்துகொள்ளலாம், அதுவும் ஒரு படிப்புதான். எஃப்எஸ் அளக்க 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, போனில் டோன் ஜெனரேட்டர் செயலி, ஏதாவதொரு ஆம்ப்ளிஃபயர் போதும். ரெசிஸ்டரை டிரைவரோடு தொடராகக் கட்டி, டிரைவரின் இரு முனையிலும் ஏ.சி. வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே அதிர்வெண்ணை 20-லிருந்து மெல்ல உயர்த்துங்கள். எந்த இடத்தில் வோல்ட்டேஜ் உச்சம் தொடுகிறதோ அது எஃப்எஸ். விஏஎஸ்ஸுக்குக் கூம்பின் மேல் எடை தெரிந்த களிமண்ணை ஒட்டி, எஃப்எஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். சவுண்ட் கார்டு இருந்தால் ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள் முழுக் கணக்கையும் செய்துதரும்.

வாங்கும்போது இரண்டையும் ஒரே கட்டிலிருந்து எடுங்கள். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்திப் பாருங்கள். கரகரவென்று உரசினால் காயில் கோணல், அது வேண்டாம். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும். அப்போது பேட்டரியின் பிளஸ் எங்கே தொடுகிறதோ அதுவே டிரைவரின் பிளஸ். பெயர் பொறித்த டிரைவர் வழக்கத்துக்கு மாறான மலிவில் கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் எஸ்.பி. அகூஸ்டிக்ஸ், டேட்டன் ஆடியோ, டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக், நார்வேயின் சியாஸ், ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் எல்லாம் டேட்டா ஷீட்டைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. வாங்காவிட்டாலும் படித்துப் பாருங்கள்.

8. கூம்பு பேப்பர்ல இருந்தா மழைக்காலத்துல ஊறிடாதா? பிளாஸ்டிக்கே எடுத்துடலாமா?

பேப்பர் கூம்புக்கு இப்போதெல்லாம் மேற்பூச்சு இருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அஞ்சி அதை ஒதுக்க வேண்டியதில்லை. குரலுக்கு நான் முதலில் கைகாட்டுவது பேப்பரைத்தான். பாலிப்ரொப்பிலீன் கூம்பு தண்ணீருக்கு அசையாது, மென்மையாக வாசிக்கும். அலுமினியக் கூம்பு விறைப்பானது, ஆனால் மேல் அதிர்வெண்களில் ஒரு இடத்தில் மணி போல ரீங்கரிக்கும். அதை அடக்கக் கிராஸ்ஓவரில் கூடுதல் வேலை உண்டு. முதல் தடவை செய்பவருக்கு அது வேண்டாத வம்பு.

கூம்பைவிடக் கவனிக்க வேண்டியது அதன் ஓரத்து வளையத்தை, அதாவது சரவுண்டை. ஃபோம் சரவுண்டு ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து, பத்துப் பதினைந்து வருடத்தில் தொட்டால் பொடியாக உதிரும். கடற்கரை ஊர்க்காரர்கள் ரப்பர் சரவுண்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய டிரைவரில் ஃபோம் மட்டும் போயிருந்தால் தூக்கியெறிய வேண்டாம், புது வளையம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

9. கார்ல இருந்து கழட்டின ஸ்பீக்கர் சும்மா கிடக்குது ப்ரோ. அதை வெச்சே செய்யலாமா?

ஒலிக்கும். ஆனால் கார்க் கதவுக்காகச் செய்த டிரைவரின் க்யூடிஎஸ் பெரும்பாலும் அதிகம், சின்னப் பெட்டியில் அடைத்தால் பேஸ் கும்கும் என்று வீங்கும். 6-ஆம் கேள்வியில் சொன்ன திறந்த பலகையில் போட்டுப் பாருங்கள். 4 ஓம் என்பதால் ஆம்ப்ளிஃபயர் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி டிரைவர் இதற்கு நேர் எதிர்: சத்தம் அபாரம், சின்னப் பெட்டியில் அடிபேஸ் இல்லை.

10. முதல் தடவை செய்யறேன். ஃபுல் ரேஞ்சா, டூ-வேயா?

ஃபுல் ரேஞ்ச். 3 அல்லது 4 இன்ச் டிரைவர் இரண்டு, பெட்டி இரண்டு, ஒயர் நான்கு. கிராஸ்ஓவர் கிடையாது, ஒரே கூம்பிலிருந்து எல்லாம் வருவதால் குரல் ஒன்றுபட்டு நிற்கும். குறை: கூம்பு சின்னது, பேஸும் சத்தமும் ஓரளவுக்குத்தான். தவிலும் நாதஸ்வரமும் முழு வீச்சில் வரும்போது திணறும். உச்ச ஒலி நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது ஜோடி டூ-வேயாக இருக்கட்டும். அதற்குள் காது என்ன கேட்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

11. ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு கிடைக்குதே, அதை மாட்டிட்டா டூ-வே ரெடிதானே?

அந்த போர்டு உங்கள் டிரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் என்று நம்பிச் செய்யப்பட்டது. பாடப்புத்தகக் கணக்குப்படி 8 ஓம் ட்வீட்டரை 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். நிஜத்தில் ஊஃபரின் காயில் காரணமாக 3000 ஹெர்ட்ஸில் அதன் ஓம் 15-ஐத் தாண்டிப் போயிருக்கும், கணக்கு அங்கேயே நழுவுகிறது. அத்துடன் ட்வீட்டர் பொதுவாக ஊஃபரைவிட நான்கைந்து டெசிபெல் சத்தம் கூட. அதை ரெசிஸ்டர் வைத்து அடக்காவிட்டால் "ஸ" எல்லாம் சீறும். அளந்து வடிவமைக்க விட்யூக்ஸ்கேட் என்ற இலவச மென்பொருள் உண்டு, கற்க நாளாகும். அதுவரை, யாராவது அளந்து சோதித்து முழு வரைபடத்தோடு வெளியிட்ட வடிவமைப்பை அப்படியே செய்யுங்கள். அதில் சொன்ன டிரைவரை மாற்றக்கூடாது, முன்பலகையின் அகலத்தையும் மாற்றக்கூடாது.

மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். பிரிக்கும் அதிர்வெண் ட்வீட்டரின் எஃப்எஸ்ஸைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ட்வீட்டர் கருகும். இரண்டு டிரைவரின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் அந்த அதிர்வெண்ணின் அலைநீளத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 2500 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 14 செ.மீ. மூன்றாவது, கூம்பின் விட்டம் அலைநீளத்தை எட்டும் இடத்திலிருந்து ஒலி பரவாமல் டார்ச் வெளிச்சமாகக் குறுகும். 6.5 இன்ச்சுக்கு அது 2600 ஹெர்ட்ஸ் அளவில், 12 இன்ச்சுக்கு 1300-லேயே. அவ்வளவு கீழே பெரும்பாலான டோம் ட்வீட்டர்கள் இறங்காது. 12 இன்ச்சையும் சின்ன டோம் ட்வீட்டரையும் நேராக இணைத்தால் நடுவில் குரல் தொலைவது இதனால்தான்.

12. பெட்டிக்கு எம்.டி.எஃப்.ஆ, பிளைவுட்டா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பிளைவுட். காரணத்தைக் கேட்டால் ஒரு வார்த்தை போதாது.

ஒலியை மட்டும் பார்த்தால் இரண்டும் நல்ல பலகைகளே. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை, முழுக்க ஒரே சீரானது, உள்ளே இடைவெளி கிடையாது, தட்டினால் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால்தான் உலகெங்கும் தொழிற்சாலைகள் அதில் பெட்டி செய்கின்றன, மலிவு என்பதும் காரணம். பிளைவுட் அதே கனத்தில் கூடுதல் விறைப்பு, ஸ்க்ரூவைக் கெட்டியாகப் பிடிக்கும். நம் ஊரில் தீர்ப்பை மாற்றுவது ஈரம். சாதாரண எம்.டி.எஃப்.பின் வெட்டுவாயில் ஈரம் ஏறினால் விளிம்பு ஊதிக்கொள்ளும், டிரைவர் ஸ்க்ரூவை நாலு தடவை கழற்றி மாட்டினால் துளை தூளாகிவிடும். வீடு துடைக்கும்போது ஸ்பீக்கரின் அடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிளைவுட் என்றால் எந்தப் பிளைவுட்டும் அல்ல. மலிவான கமர்ஷியல் பிளையில் உள் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும், அந்த இடம் பேஸுக்குப் படபடக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை பார்த்து வாங்குங்கள், அப்போதும் நான்கு விளிம்பையும் கண்ணால் பாருங்கள். வெளிநாட்டு வடிவமைப்புகளில் வரும் பால்டிக் பர்ச் பிளையில் 18 மி.மீ. கனத்துக்கே 13 அடுக்குகள். கிடைத்தால் அருமை, விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் இப்போது எச்.டி.எச்.எம்.ஆர். என்ற பலகை சமையலறை அலமாரிக்காகப் பரவலாக விற்கிறது. எம்.டி.எஃப். போலவே சீரானது, அதைவிட அடர்த்தி, ஈரத்தை அதிகம் தாங்கும். முன்பலகைக்கு எச்.டி.எச்.எம்.ஆர்., மற்ற ஐந்து பக்கத்துக்கும் பிளை என்று கலந்து செய்வது எனக்குப் பிடித்த வழி. பிளாக்போர்டும் (நடுவில் மரக்கட்டை அடுக்கிய பலகை) பார்ட்டிகிள் போர்டும் வேண்டாம். முதலாவதில் உள்ளே சந்து, இரண்டாவதில் ஸ்க்ரூ நிற்காது.

13. ஊர்ல பழைய தேக்கு இருக்கு, பலாவும் இருக்கு. வீணையே பலா மரத்துலதானே செய்யறாங்க, ஸ்பீக்கருக்கு இனிமையா இருக்காதா?

வீணைக் குடம் அதிர்ந்தால்தான் வீணைக்கு நாதம். ஸ்பீக்கர் பெட்டிக்கு வேலையே வேறு. பாட்டில் இருக்கும் வீணையின் நாதம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. பெட்டியும் தன் பங்குக்கு அதிர்ந்தால் வீணைக்கும் வயலினுக்கும் தவிலுக்கும் ஒரே நிறத்தைப் பூசும். எந்த மரத்துக்கு நல்ல நாதம் என்று பெயரோ, அதே காரணத்துக்காக இங்கே அது சந்தேகத்துக்குரியது.

முழு மரத்தில் இன்னொரு சிக்கல், அது பருவத்துக்குப் பருவம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் ஒட்டிய மூட்டு சித்திரை வெயிலில் கீறல் விடலாம். கீறல் வழியே காற்று கசிந்தால் 5-ஆம் கேள்வியில் போட்ட கணக்கு வீண். தாத்தா காலத்துத் தேக்கை விட மனமில்லை என்றால் விளிம்புப் பட்டைக்கும் ஸ்டாண்டுக்கும் பயன்படுத்துங்கள், பெட்டியைப் பிளையில் செய்து மேலே தேக்கு வெனீர் ஒட்டுங்கள். பார்ப்பவர்கள் "என்ன மரம்?" என்று கேட்கத்தான் போகிறார்கள், தேக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

14. மண்பானை ஸ்பீக்கர் வீடியோ பார்த்தேன். கடப்பா கல்லுலயும் செய்யறாங்களாமே?

பானை வேடிக்கைப் பொருளல்ல, வடிவத்தில் விஷயம் இருக்கிறது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹேரி ஓல்சன் பல வடிவப் பெட்டிகளில் ஒரே டிரைவரை வைத்து அளந்தபோது, விளிம்பே இல்லாத உருண்டைதான் மிகச் சீரான ஒலியைத் தந்தது. கூர் விளிம்பில் ஒலி சிதறுவது உருண்டையில் இல்லை. ஆனால் சுட்ட மண் கணீர் என்று ஒலிக்கும், தட்டினாலே தெரியும். உள்சுவர் முழுக்கத் தார் ஷீட் ஒட்டி, அந்தக் கணீரை அடக்க வேண்டும். வாய்க்கு 18 மி.மீ. பிளையில் வளையம் வெட்டி எம்-சீல் வைத்து அடைத்து, டிரைவரை அதில் மாட்டுங்கள். கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளக்கலாம் என்பது பானையின் தனி வசதி. 3 இன்ச் ஃபுல் ரேஞ்சுக்கு நல்ல ஜோடி.

கடப்பா கல் மூட்டுப் போட முடியாதது, தூக்க முடியாதது, அதுவும் ஒலிக்கும். ஸ்பீக்கர் நிற்க அடிப்பலகையாகப் போடுங்கள், அதோடு சரி.

15. 18 மி.மீ. போதுமா? 25 மி.மீ. போட்டா இன்னும் நல்லதுன்னு ஆசாரி சொல்றார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 18-லிருந்து 25-க்குப் போனால் பலகையின் விறைப்பு 2.7 மடங்கு ஆகும். ஆனால் எடையும் ஏறுவதால் அது அதிரும் அதிர்வெண் உயர்வது 1.4 மடங்குதான். அதற்குப் பதில் 31-க்கு 24 செ.மீ. பக்கப் பலகையின் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரும். செலவு ஒரு துண்டுப் பலகை. சட்டத்தைச் சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இரண்டு பாதியும் ஒரே சுருதியில் அதிராது. முன்பலகைக்கு மட்டும் 25 அல்லது இரண்டு பலகை ஒட்டிப் போடுவதில் அர்த்தமுண்டு, டிரைவரின் எடையும் உதையும் அங்கேதான்.

இதற்கு முற்றிலும் எதிரான சிந்தனைப் பள்ளியும் இருக்கிறது. பி.பி.சி. ஆய்வுத் துறையில் ஹார்வுட், மேத்யூஸ் இருவரும் 1977-ல் எழுதிய அறிக்கை, மெல்லிய பிளைவுட்டில் தடித்த தார்ப் பூச்சு கொடுப்பதைப் பரிந்துரைத்தது. அதிர்வை உயரே தள்ளாமல், கீழே இறக்கி அங்கேயே அணைத்துவிடும் உத்தி. அதே பி.பி.சி.யில் பிறந்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கருக்கு 12 மி.மீ. பர்ச் பிளைதான், குரல் தெளிவுக்கு இன்றும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். கார் கதவுக்கு ஒட்டும் தார் ஷீட் கிடைத்தால் 12 மி.மீ. மரைன் பிளையில் இந்த வழியையும் செய்து பார்க்கலாம். எந்தப் பள்ளி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பாதி பாதி வேண்டாம்.

16. மூடின பெட்டியா, ஓட்டை வெச்சதா?

டிரைவரின் க்யூடிஎஸ் பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது (6-ஆம் கேள்வி). மூடிய பெட்டி சிறியது, தப்பைப் பொறுக்கும். லிட்டர் கணக்கு பத்து சதவீதம் பிசகினால் குடிமுழுகாது. 1954-ல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரில் சின்ன மூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வாங்கிக் காட்டியதும் இந்த வழியில்தான். போர்ட் வைத்தால் அதே டிரைவரில் இன்னும் கீழே போகலாம், ஆனால் கணக்கு தப்பினால் ஒரே சுருதியில் உறுமும்.

போர்டுக்கு பி.வி.சி. குழாய் போதும். நீளத்துக்குக் கணக்கு: உள்விட்டத்தின் வர்க்கத்தை 23562-ஆல் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் லிட்டரையும் பெருக்கிய தொகையால் வகுத்து, அதிலிருந்து உள்விட்டத்தின் 0.73 பங்கைக் கழியுங்கள். 15 லிட்டர் பெட்டி, 45 ஹெர்ட்ஸ், 5 செ.மீ. குழாய் என்றால் 15.7 செ.மீ. வரும். அதே பெட்டிக்கு 7.5 செ.மீ. குழாய் போட்டால் 38 செ.மீ. நீளம், பெட்டிக்குள் அடங்காது. குழாய் மெலிந்தால் காற்று புஸ் என்று கேட்கும், தடித்தால் இடமில்லை. கடைக்காரர் சொல்லும் இன்ச்சை நம்பாமல் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். முதலில் இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டி, கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

17. உள்ளே என்ன பஞ்சு? வீட்டுல இலவம் பஞ்சு இருக்கு.

இலவம் பஞ்சு தலையணைக்கே இருக்கட்டும். இழை பறந்து டிரைவரின் காயில் இடுக்கில் போய்ச் சேரும், நாளடைவில் அடியில் கட்டி தட்டும். தலையணைக்குப் போடும் ரெக்ரான் போன்ற பாலியெஸ்டர் பஞ்சு நல்லது. மூடிய பெட்டியில் லேசாக முழுவதும் நிரப்புங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். போர்ட் பெட்டியில் சுவரில் மட்டும் ஒட்டி, குழாய் வாயைத் திறந்து விடுங்கள்.

பஞ்சு பலகையின் அதிர்வை நிறுத்தாது. உள்ளே எதிரொலிக்கும் காற்றைத்தான் அடக்கும். 32 செ.மீ. உள்ளுயரமுள்ள பெட்டியில் சுமார் 530 ஹெர்ட்ஸில், சரியாகக் குரல் இருக்கும் இடத்தில், ஒரு எதிரொலி நிற்கும். அது கூம்பு வழியாகவே வெளியே கேட்கும்.

18. ஆசாரிகிட்ட என்ன சொல்லிக் குடுக்கணும்?

உள்ளளவைச் சொல்லிக் கொடுங்கள், வெளியளவை அல்ல. 5-ஆம் கேள்வியின் 13.6 லிட்டர் பெட்டிக்கு 18 மி.மீ. பலகையில் வெளியளவு 36 x 21 x 29 செ.மீ. உள்ளே 14.3 லிட்டர், சட்டமும் டிரைவரும் அடைக்கும் இடம் போக நமக்குத் தேவையானது மிஞ்சும். ஆசாரி அன்போடு 25 மி.மீ. போட்டு அதே வெளியளவில் செய்தால் உள்ளே 11.9 லிட்டர்தான். இரண்டு பெட்டிக்கு எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி போதும்.

டிரைவர் துளையைக் கையால் அறுப்பதைவிட, கதவு ஜாலி வெட்டும் சி.என்.சி. கடையில் முன்பலகையை மட்டும் வெட்டி வாங்குவது சுலபம். ட்வீட்டர் வளையம் பலகையோடு சமமாக உட்காரும்படி பள்ளமும் எடுத்துத் தருவார்கள். மூட்டுகளில் ஃபெவிகால் தாராளமாக, உட்புற மூலைகளில் இன்னொரு கோடு. ஆணி அவசியமில்லை, பசை காயும்வரை கிளாம்ப் போதும். டிரைவருக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் டேப். மழைக்காலத்தில் பாலிஷ் அடிக்கச் சொல்லாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

19. செஞ்சு முடிச்சாச்சு. ஆனா குரல் மெலிசா, தகர டப்பா மாதிரி கேக்குதே?

முதலில் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பேஸ் திடீரென்று வந்தால் அதுதான் கோளாறு. டூ-வேயில் பேஸ் சரியாக இருந்து குரல் மட்டும் உள்வாங்கியிருந்தால் ட்வீட்டரின் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் முன்பலகையின் அகலம். உயர்ந்த ஒலிகளைப் பலகை முன்னோக்கித் தள்ளிக் கொடுக்கிறது. அலைநீளம் கூடக்கூட ஒலி பலகையைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும், முன்னால் கிடைப்பது 6 டெசிபெல் வரை குறையும். 115-ஐப் பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுத்தால் இது நிகழும் இடம் தெரியும். 21 செ.மீ.க்கு சுமார் 550 ஹெர்ட்ஸ். நல்ல கிராஸ்ஓவரில் இதற்கு ஈடுகட்டியிருக்கும். ரெடிமேட் போர்டில் இருக்காது. ஃபுல் ரேஞ்சில் ஒரு காயிலும் ரெசிஸ்டரும் இணையாகக் கட்டி, டிரைவரோடு தொடராகக் கொடுப்பது வழக்கம். செலவில்லாத வழி, ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே நகர்த்துவது. பின்னால் போன பேஸில் கொஞ்சம் திரும்பி வரும்.

20. அப்போ ஷோகேஸுக்குள்ளேயே வெச்சுடலாமே?

ஷோகேஸ் கூடுதல் சுவரல்ல, இன்னொரு பெட்டி. கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கு, கொலு பொம்மை எல்லாம் சேர்ந்து அதிரும். வேறு வழியில்லை என்றால் போர்ட் முன்பக்கம் இருக்கட்டும் அல்லது மூடிய பெட்டி செய்யுங்கள், ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாக இருக்கட்டும், சுற்றியுள்ள சந்தைத் துணியோ ஃபோமோ வைத்து அடையுங்கள். தரையில் வைப்பதானால் கால் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள்.

21. ஒரே பெட்டியில ரெண்டு ஊஃபர் போட்டா பேஸ் ரெண்டு மடங்கா?

சத்தம் கூடும், ஆழம் கூடாது. பெட்டியின் லிட்டரும் இரண்டு மடங்காக வேண்டும். 8 ஓம் ஊஃபர் இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம், ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ட்வீட்டரும் அந்தச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆழம்தான் வேண்டும் என்றால் எஃப்எஸ் குறைந்த ஒரே டிரைவருக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

22. மாமா வீட்டுல பழைய ஸ்பீக்கர் பெட்டி காலியா இருக்கு. அதுல புது டிரைவர் மாட்டிடலாமா?

மாட்டலாம், ஆனால் இங்கே கணக்கு பின்னாலிருந்து வரும். பெட்டியின் உள்ளளவை அளந்து லிட்டரைக் கண்டுபிடியுங்கள். அந்த லிட்டர் எந்த டிரைவருக்குப் பொருந்தும் என்று வின்ஐஎஸ்டியில் நான்கைந்து டேட்டா ஷீட்டைப் போட்டுத் தேடுங்கள். துளையின் அளவு ஒத்துவருகிறது என்பதற்காக மட்டும் டிரைவர் வாங்காதீர்கள். துளை பெரிதாக இருந்தால் புது முன்பலகை ஒன்றை மேலே ஒட்டிவிடலாம், பலகையும் தடிக்கும். பெட்டி பார்ட்டிகிள் போர்டாக இருந்து மூலை ஊதியிருந்தால் அதோடு மெனக்கெட வேண்டாம். அதிலிருந்து ஒயர் மாட்டும் டெர்மினலையும் துணி கிரில்லையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த கிரில் அவசியம். ட்வீட்டரின் நடுவே விரலை வைத்து அமுக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.